"எடையைக் குறைங்க, எல்லாம் சரியாகிடும்" என்றார்கள்

இதய வால்வு ஆபரேஷன் முடிந்து 3 மாதம் ஆகிறது. எனக்கு 46 வயது, உயரம் 168 செ.மீ., ஆபரேஷன் அன்று எடை 112 கிலோ. பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) கிட்டத்தட்ட 40. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடமாக எந்த டாக்டரும் இந்த எண்களைத் தாண்டி என்னைப் பார்க்கவில்லை.

மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. வழக்கமாகப் போகிற கிளினிக்கில் சட்டைக்கு மேலேயே ஸ்டெதஸ்கோப்பை ஒரு நொடி வைத்து எடுத்துவிட்டு, "எடையைக் குறைங்க சார், எல்லாம் சரியாகிடும்" என்றார் டாக்டர். நானும் நம்பினேன். குண்டாக இருக்கிறவனுக்கு மூச்சு வாங்கத்தானே செய்யும்! விடிகாலையில் வாக்கிங் ஆரம்பித்தேன். அப்புறம் நண்பர் ஒருவர் உசுப்பிவிட, மெல்ல ஓட்டம். ஒருநாள் பூங்காவில் மூன்றாவது சுற்றில் கண் இருண்டு விழுந்தேன். வாசலில் அருகம்புல் ஜூஸ் விற்கிறவர்தான் ஓடிவந்து தூக்கி உட்கார வைத்தார்.

முதல் எக்கோவில் (இதய ஸ்கேன்) "படம் சரியா விழலை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நெஞ்சில் சதை அதிகமென்றால் எக்கோ படம் மங்குமாம். சரி, அதோடு வீட்டுக்குப் போ என்றா அர்த்தம்? நல்லவேளை, என் மனைவி விடவில்லை. வேறொரு இடத்தில் ஒரு பெண் டாக்டர் என்னை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, முக்கால் மணி நேரம் பொறுமையாகப் பார்த்தார். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வழியில் இருக்கும் அயோர்ட்டிக் வால்வின் திறப்பு 0.8 சதுர செ.மீ. இயல்பாக 3, 4 இருக்க வேண்டியது. 3 இதழ் இருக்க வேண்டிய வால்வு எனக்குப் பிறவியிலேயே இரண்டு இதழ்தான். அதில் சுண்ணாம்பு படிந்து இறுகிப்போயிருந்தது. நூறில் ஒன்றிரண்டு பேருக்கு இப்படி இருக்குமாம். வால்வு இந்த அளவு சுருங்கியிருக்கும்போது ஓடியது உயிருக்கே ஆபத்து என்று அவர் சொன்னபோது, கிளினிக் டாக்டர் நினைவுக்கு வந்தார். அவரை என்ன நினைத்தேன் என்று இங்கே எழுத முடியாது.

சொந்தங்களில் பாதிப் பேர், "இந்த உடம்போட டேபிள்ல படுத்தா எழுந்திருக்க முடியாது, முதல்ல 15 கிலோ குறை" என்றார்கள். பயத்தில் பத்து நாள், நாளுக்கு ஒரு வேளை சூப்பும் இரண்டு முட்டையுமாக இருந்தேன். சர்ஜனிடம் பெருமையாகச் சொல்லப்போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "பட்டினி கிடந்தா புண் ஆறுறதுக்குப் புரதம் எங்கிருந்து வரும்? மயங்கி விழுற அளவுக்கு வால்வு போனப்புறம் எடை குறையட்டும்னு காத்திருக்கிறதுதான் ஆபத்து" என்றார்.

அவர் சொன்ன இன்னொன்று எனக்குப் புதிது. கொஞ்சம் பருமனாக இருப்பவர்கள் வால்வு ஆபரேஷனில் மற்றவர்களைவிட அதிகமாகச் சாவதில்லை. எலும்பும் தோலுமாக இருப்பவர்கள் நிலைதான் மோசம் என்று பல ஆய்வுகளில் வந்திருக்கிறதாம். ஆபத்தைக் கணக்கிட அவர்கள் பயன்படுத்தும் யூரோஸ்கோர் 2 பட்டியலில் உடல் பருமன் என்று தனிக் கேள்வியே இல்லை. ஆனால் என் அளவுக்குப் போனால் தொல்லை வேறு இடத்தில்: நெஞ்செலும்புப் புண்ணில் சீழ், வென்டிலேட்டரில் கூடுதல் நேரம், சிறுநீரகம், ஆஸ்பத்திரியில் கூடுதல் நாட்கள். உடம்பு பெரிதாக இருப்பதால் வால்வும் அதற்கேற்ற சைஸில் வேண்டும். பெரிய கல்யாண மண்டபத்துக்கு ஒற்றைக் கதவு வைத்த மாதிரி ஆகிவிடக் கூடாது என்றார். வயதை வைத்து உலோக வால்வு என்று முடிவானது.

பல் டாக்டர் சான்று, மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர இரண்டு வாரம். இவையெல்லாம் ஒழுங்காகவே முடிந்தன. குறட்டை விடுகிறவன் என்பதால் தூக்கப் பரிசோதனை கேட்டார்கள். இரவு தலையணையோடு போய் இறங்கினால், டெக்னீஷியன் லீவு. போன் பண்ணிச் சொல்லக்கூடத் தோன்றவில்லை. மறுபடி இரண்டு நாள் கழித்துப் போனேன்.

அதற்கப்புறம்தான் இன்சூரன்ஸ். கேஷ்லெஸ் அனுமதிக்கு அனுப்பிய குறிப்பில் ஜூனியர் டாக்டர் முதல் வரியிலேயே "மார்பிட் ஒபிசிட்டி" (அளவுகடந்த உடல் பருமன்) என்று எழுதி, வால்வை நான்காவது வரியில் போட்டிருந்தார். மறுநாளே பதில்: உடல் பருமனுக்கான சிகிச்சை பாலிசியில் சேராது. இதய ஆபரேஷனை எடை குறைப்பு ஆபரேஷன் என்று நினைத்துவிட்டார்கள்! இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த பையன் கணினியிலிருந்து தலையைத் தூக்காமல், "க்வெரி வந்திருக்கு சார், நீங்களே அவங்ககிட்ட பேசிக்குங்க" என்றான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நான் யாரிடம் பேசுவது? என் மனைவி சர்ஜன் அறை வாசலில் இரண்டு மணி நேரம் நின்று, வால்வு நோயை முதலில் போட்டு புதுக் கடிதம் வாங்கிவந்தாள். அனுப்பினால் அடுத்த கேள்வி: இது பிறவிக் கோளாறா? உடம்புக்கு உள்ளே இருக்கும் பிறவிக் கோளாறுக்கு என் பாலிசியில் தடையில்லை. அந்தப் பக்கத்தை மஞ்சள் மார்க்கரில் அடித்து போட்டோ எடுத்து அனுப்பிய பிறகுதான் வழிக்கு வந்தார்கள். மூன்று நாள் வீண். நீங்கள் குண்டு என்றால், குறிப்பு போவதற்கு முன் ஒருமுறை வாங்கிப் படித்துவிடுங்கள். பாலிசிப் புத்தகத்தையும் கையில் வைத்திருங்கள்.

அடுத்தது பாதி என் தப்பு. ஓ.பி.யில் எடை இயந்திரம் வேலை செய்யவில்லை. நர்ஸ், "எவ்வளவு சார் இருப்பீங்க?" என்று கேட்க, வெட்கத்தில் 95 என்று சொல்லிவிட்டேன். அதுவே எல்லாத் தாளிலும் ஏறியது. ஆபரேஷனுக்கு முந்தைய மாலை மயக்க மருந்து டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வேறு இயந்திரம் வரவழைத்தார். 112. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் எடைக்கு ஏற்ற அளவு. இதய நுரையீரல் இயந்திரம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தம் தள்ள வேண்டும் என்பதும் உடம்பின் அளவை வைத்துத்தான். இதில் 17 கிலோ பொய்! தயவுசெய்து வெட்கப்படாதீர்கள்.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, தூங்கினேன். மறுநாள் மதியம்தான் வென்டிலேட்டர் குழாயை எடுத்தார்கள். மூன்றாம் நாள் இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடியது, மருந்திலேயே அடங்கியது. மூச்சை உள்ளே இழுத்துப் பழகும் மூன்று பந்துக் கருவியில் ஒரு பந்தை எழுப்பவே இரண்டு நாள் ஆயிற்று. நெஞ்சுக்குக் கட்டும் பெல்ட் என் சுற்றளவுக்கு ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் இல்லை. மச்சான் நாலு கடை ஏறி இறங்கி வாங்கிவந்தான். முன்பே அளந்து வாங்கி வையுங்கள்.

12ஆம் நாள் வீட்டில் பனியனில் ஈரம். போன் பண்ணினால், "வியர்வையா இருக்கும் சார், ரிவ்யூவுக்கு வரும்போது காட்டுங்க" என்றார்கள். வியர்வைக்கு அந்த வாடை இருக்காது. அன்றே ஆட்டோ பிடித்துப் போய்விட்டோம். புண்ணின் கீழ்முனையில் தோலுக்கடியில் சீழ். எலும்பு வரை போகவில்லை, நல்ல காலம். மூன்று வாரம் டிரெஸ்ஸிங். நெஞ்செலும்பை இழுத்துப் பிடித்திருப்பது கம்பிகள்தான். கனமான உடம்பில் ஒவ்வொரு இருமலும் அதை இழுக்கும். தலையணையைக் கட்டிக்கொண்டு இருமுங்கள், கையை ஊன்றி எழாதீர்கள். நெஞ்சில் 'கடக்' என்று சத்தம் கேட்டால் போன் எல்லாம் பண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், நேரே போய்விடுங்கள். மடிப்புகளில் ஈரம் தங்காமல் மனைவி நாளுக்கு மூன்று முறை துடைத்துவிட்டாள்.

தம்பியையும் எக்கோ எடுக்க வைத்தோம்; இந்த இரண்டு இதழ் வால்வு குடும்பத்தில் வரக்கூடியதாம். அவனுக்கு மூன்று இதழ், ஒன்றுமில்லை.

இப்போது ரத்தம் உறையாமல் இருக்க தினமும் ஒரு அசிட்ரோம் மாத்திரை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். 2.4, எனக்குச் சொன்ன அளவு 2 முதல் 3. மாடி ஏறுகிறேன், மூச்சு வாங்கவில்லை. ஆனாலும் இன்னும் குண்டுதான். போன வாரம் ரிவ்யூவுக்குப் போனேன். அதே ஓ.பி., ஓரத்தில் அதே இயந்திரம், ரிப்பேர் ஆகவில்லை. "எவ்வளவு சார் இருப்பீங்க?" என்றார் நர்ஸ். "வார்டிலிருந்து மெஷின் கொண்டுவரச் சொல்லுங்கம்மா, அதுவரை உட்கார்ந்திருக்கேன்" என்றேன். இருபது நிமிடம் ஆனது. 104.