பாயும் பந்தியும்

போன மாதம் ஒரு ஜூனியர் வக்கீல் பையன் வீட்டுக்கு வந்திருந்தான். பாளையங்கோட்டையில் 31 வருடம் வக்கீல் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியவன் நான். பழைய சங்கதி எதிலாவது இடறினால் இப்படி யாராவது தேடி வருவது உண்டு. அவன் கையில் 1869-ஆம் வருட இந்திய விவாகரத்துச் சட்டம், கிறிஸ்தவர்களுக்கானது. 22-ஆம் பிரிவில் விரலை வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, இந்த மென்சா எட் தோரோன்னா என்ன?" என்று கேட்டான்.

மேஜை, படுக்கை. நம் வாயில் சொன்னால் பந்தியும் பாயும். இனி ஒரே பந்தியில் உண்ண வேண்டாம், ஒரே பாயில் படுக்க வேண்டாம். கல்யாணம் மட்டும் அப்படியே நிற்கும். இருவரில் ஒருவர் சாகும்வரை மறுமணம் கிடையாது. கத்தோலிக்க ஐரோப்பாவிலும் இங்கிலாந்திலும் திருச்சபை நீதிமன்றங்கள் பல நூறு வருடம் விவாகரத்து என்று கொடுத்து வந்தது இவ்வளவுதான். இனிமேல் அந்தப் பெயரில் தீர்ப்பு கிடையாது, அதற்குப் பதில் நீதிமன்றப் பிரிவினை என்று சொல்வதற்காக அந்த லத்தீன் நம் சட்டப் புத்தகத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

அவனுக்கு அது போதும். எனக்குத்தான் போதவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அந்த லத்தீனின் பூர்வீகத்தைத் தேடிப் படித்துக்கொண்டே இருக்கிறேன். ராஜாக்களின் கதையில் அவ்வளவு ருசி இல்லை. இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி முதல் மனைவி கேதரினை "விவாகரத்து" செய்தான் என்கிறார்கள். 1533-இல் அவன் வாங்கியது அந்தத் திருமணம் முதலிலிருந்தே செல்லாது என்ற தீர்ப்பு. என் கண் போவது சாட்சிகள் பக்கம்.

புராட்டஸ்டண்ட் ஊர்களில் கதவு சீக்கிரமே கொஞ்சம் திறந்தது. சூரிச்சில் 1525-இல் திருமண வழக்குகளுக்கென்றே ஒரு நீதிமன்றம் வைத்தார்கள். ஜெனீவாவில் 1557-இல் நடந்த வழக்கு கால்வின் வீட்டுக்குள்ளேயே நடந்தது. சீர்திருத்தவாதி ஜான் கால்வினின் தம்பி ஆந்த்வானும் அவர் மனைவி ஆன் ல ஃபெரும் அண்ணன் வீட்டில்தான் குடித்தனம். அந்த வீட்டு வேலைக்காரன் பியர் டாகேயோடு அவளுக்குத் தொடர்பு என்று குற்றச்சாட்டு. 1548-இலேயே வேறு ஒருவனை வைத்து இப்படி ஒரு புகார் எழுந்து, சமாதானம் செய்து வைத்திருந்தார்கள். இந்த முறை விவாகரத்து. ஆந்த்வான் 1560-இல் மறுமணம் செய்துகொண்டார். ஆன் ஊரைவிட்டே விரட்டப்பட்டாள். ஸ்காட்லாந்திலும் 1560-க்குப் பிறகு விபச்சாரத்துக்காகக் கணவனோ மனைவியோ யார் வேண்டுமானாலும் விவாகரத்து கேட்கலாம் என்று ஆனது. 1573-இல் நான்கு வருடம் கைவிட்டுப் போனாலும் போதும் என்று சட்டமே செய்தார்கள்.

பக்கத்து இங்கிலாந்துதான் வேடிக்கை. ராஜாவின் கல்யாண வழக்கில் ரோமோடு சண்டை போட்டுப் பிரிந்த நாடு, கல்யாணச் சட்டத்தை மட்டும் பழையபடியே வைத்துக்கொண்டது. 1604-இல் அவர்களுடைய திருச்சபை விதிகள் இரண்டு விஷயம் சொல்லின. ஒன்று, பிரிவினை வாங்குகிறவர்கள் மற்றவர் உயிரோடு இருக்கும்வரை மறுமணம் செய்யமாட்டோம் என்று ஜாமீன் பத்திரம் எழுதித் தர வேண்டும். இரண்டாவது, கணவன் மனைவி தாங்களே ஒப்புக்கொள்வது மட்டும் ஆதாரம் ஆகாது. இருவரும் பேசிவைத்துக்கொண்டு வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

இந்த இரண்டாவது விதியைப் படித்ததும் எழுந்து ஒரு காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். வேலைக்காரர்கள் எல்லாம் சாட்சிக் கூண்டுக்கு வந்தது இந்தக் கதவு வழியாகத்தான். கணவன் சொன்னால் போதாது, மனைவி சொன்னால் போதாது என்றால் வேறு யார்தான் பார்த்திருக்க முடியும்? படுக்கை விரித்தவள், விறகு கொண்டுவந்தவன், குதிரைக்காரன். கூண்டு என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். திருச்சபை நீதிமன்றத்தில் சாட்சியைத் தனி அறையில் வைத்து விசாரிப்பார்கள். கேள்விகள் முன்கூட்டியே எழுதித் தரப்பட்டிருக்கும். பதிலை ஒரு எழுத்தர் "மேற்படி சாட்சி சொல்வதாவது" என்ற தோரணையில் படர்க்கையில் எழுதிக்கொள்வார். கட்டிலில் இரண்டு பேர் படுத்த தடம் இருந்தது, திரை கலைந்திருந்தது, கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன் என்று பக்கம் பக்கமாக. எதிர்த்தரப்பு அந்த ஏழைச் சாட்சியிடம் கேட்கும்: உனக்கு என்ன சொத்து இருக்கிறது, யார் சோறு போடுகிறார்கள், சாட்சி சொல்ல என்ன தருவதாகச் சொன்னார்கள்? அந்த எழுத்தர்களை எனக்கு நேரில் தெரியும் போல இருக்கிறது.

பணக்காரர்களுக்கு இதற்கு மேலும் ஒரு படி இருந்தது. 1670-இல் ரூஸ் பிரபு, தான் மறுமணம் செய்துகொள்ளத் தனியாக ஒரு சட்டமே நாடாளுமன்றத்தில் போடவைத்தார். இரண்டாம் சார்லஸ் ராஜா பிரபுக்கள் சபைக்கு வந்து உட்கார்ந்து, நாடகம் பார்ப்பதைவிட இது நன்றாக இருக்கிறது என்றாராம். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது: முதலில் மனைவியின் காதலன்மேல் நஷ்டஈட்டு வழக்கு, அப்புறம் திருச்சபையில் பாய்-பந்திப் பிரிவினை, கடைசியில் நாடாளுமன்றச் சட்டம். மூன்று இடத்திலும் செலவு. 1857 வரை இப்படி வந்த சட்டங்கள் மொத்தம் முந்நூற்றுச் சொச்சம்தான். அதில் பெண்களுக்குக் கிடைத்தவை 4. முதலாவது 1801-இல் ஜேன் ஆடிசனுக்கு, அதுவும் கணவன் அவளுடைய சொந்தச் சகோதரியோடு போனதால். வேறு யாரோடாவது போயிருந்தால், பொறுத்துப் போம்மா என்றிருப்பார்கள்.

அந்த நஷ்டஈட்டு வழக்குகளில் நான் மறக்காத ஒன்று, 1782-இல் சர் ரிச்சர்ட் வொர்ஸ்லி போட்டது. மனைவி சீமோர், பிசெட் என்ற கேப்டனோடு லண்டன் ஹோட்டலுக்கு ஓடிவிட்டாள். கேப்டனிடம் 20,000 பவுண்டு கேட்டார் வொர்ஸ்லி. ஓடிப்போனதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் மெய்ட்ஸ்டன் ஊர்க் குளியல் விடுதியில் வேலை பார்த்த மேரி மேரியட் என்ற பெண் வந்து ஒரு சாட்சி சொன்னாள். சீமோர் குளித்துவிட்டு உடுத்திக்கொண்டிருந்தபோது வெளியே நின்ற கணவரே கதவைத் தட்டி, பிசெட் எட்டிப் பார்க்கப்போகிறான் என்று குரல் கொடுத்து, அவனைத் தன் தோள்மேல் தூக்கி ஜன்னலில் காட்டினார் என்று. ஜூரிகள் வொர்ஸ்லிக்கே வெற்றி என்று தீர்ப்பளித்து, நஷ்டஈடாக ஒரு ஷில்லிங் கொடுத்தார்கள். குளியல் விடுதி வேலைக்காரி ஒருத்தியின் வாய்மொழி ஒரு பிரபுவின் 20,000 பவுண்டை ஒரு ஷில்லிங் ஆக்கியது என்று நினைத்தால் எனக்கு இன்னமும் சிரிப்பு வரும். ஆனாலும் சீமோருக்கு விடுதலை இல்லை. வொர்ஸ்லி 1805-இல் செத்த பிறகுதான் அவள் மறுமணம் செய்ய முடிந்தது.

அந்தக் காலத்துக் கத்தோலிக்க பிரான்சில் திருமணத்தை முறிக்க முடியாது. செல்லாது என்று நிரூபிக்கத்தான் முடியும். ஆண்மை இல்லை என்று வழக்குப் போட்டால், வைத்தியர்களும் மருத்துவச்சிகளும் அருகிருக்கக் கணவனும் மனைவியும் கட்டிலில் சேர்ந்து காட்ட வேண்டும். அதற்குக் காங்க்ரே என்று பெயர். லாஞ்சே என்ற பிரபு அதில் தோற்று, 1659-இல் அவர் திருமணம் செல்லாது என்றானது. அப்புறம் அவர் வேறு ஒருத்தியைக் கட்டி 7 பிள்ளை பெற்றார். 1677-இல் பாரிஸ் நீதிமன்றம் அந்தச் சோதனையையே ஒழித்தது. இதை ஜூனியரிடம் சொல்லவில்லை. சின்னப் பையன், போகட்டும்.

அவனிடம் நான் சொன்னது நம் ஊர்க் கதை. இங்கிலாந்தின் 1857 விவாகரத்துச் சட்டத்தைப் பார்த்து எழுதியதுதான் நம் 1869 சட்டம். கணவன் மனைவியின் விபச்சாரத்தை மட்டும் காட்டினால் போதும். மனைவி அதோடு கொடுமையோ கைவிடுதலோ சேர்த்துக் காட்ட வேண்டும். 2001-இல்தான் அது போனது. அதற்கு முன் ஜில்லா ஜட்ஜ் விவாகரத்து கொடுத்தாலும், சென்னையில் மூன்று நீதிபதிகள் உறுதி செய்ய வேண்டும். அந்தக் கட்டுகளை நூல் போட்டுக் கட்டி அனுப்பியது என் கைதான்.

அப்படி ஒரு வழக்கில் சமையல்காரப் பாட்டி ஒருத்தி சாட்சி. நான்கு வாய்தா வந்து காத்திருந்து, ஐந்தாவதில் கூண்டேறினாள். நீ என்ன பார்த்தாய் என்று கேட்டதற்கு, "ரெண்டு பாய் வச்சிருந்தேன், காலையில ஒண்ணுதான் விரிச்சிருந்துச்சு" என்றாள். குறுக்கு விசாரணையில் கேட்டார்கள்: உனக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்? இந்த மாசத்திலிருந்து யாரும் இல்லை என்றாள். சாட்சி சொல்ல வந்ததால் வேலை போயிருந்தது. வெளியே வந்ததும் பஸ்ஸுக்குக் காசு கேட்டாள். கொடுத்தேன். கட்சிக்காரர் செலவுக் கணக்கில் அதை எழுதவில்லை.