15 டாலருக்குள் ஆஸ்திரேலிய ஒயின்: எதைத் தேடிச் சுவைப்பது

மலிவு ஒயின் ஆறு பாட்டிலை வீட்டில் சுவைத்து மதிப்பெண் போட்டுப் பார்ப்பவர்களுக்கான குறிப்பு இது. ஒயினை முதிரவைக்கும் 225 லிட்டர் பிரெஞ்சு ஓக் மரப் பீப்பாய் புதிதாக வாங்க ஆயிரம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஆகும். அதில் பிடிப்பது 300 பாட்டில். ஆக, பாட்டிலுக்கு மூன்று டாலருக்கு மேல் மரத்துக்கே போய்விடும். 12 டாலர் ஒயினில் கடை லாபம், மொத்த விலையில் 29 சதவீத ஒயின் வரி, ஜிஎஸ்டி எல்லாம் கழித்த பிறகு அந்த மூன்று டாலருக்கு இடம் இல்லை. ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் மலிவாக இருந்தும் வெனிலா மணந்தால், அது பெரும்பாலும் ஓக் சில்லின், அதாவது ஒயினில் ஊறப்போடும் ஓக் மரத்துண்டுகளின் வேலை. சில்லு போட்டது குற்றமில்லை. பழத்தோடு சேராமல் மரத்தூள் வாசம் தனியே நின்றால்தான் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டும்.

பீப்பாயே தேவைப்படாத வெள்ளை ஒயின்களில்தான் இந்த விலைக்கு உண்மையான தரம் கிடைக்கிறது. கிளேர் வேலி ரீஸ்லிங்கில் எலுமிச்சைத் தோலின் மணமும், நாக்கின் இரு ஓரமும் எச்சில் ஊறவைக்கும் புளிப்பும் இருக்கும். ஹண்டர் வேலி செமிலானில் ஆல்கஹால் 10, 11 சதவீதம்தான். இளசாகக் குடித்தால் வெறும் தண்ணீர்போலத் தோன்றும். அதைக் குறையென்று எழுதிவிடாதீர்கள், அதன் மணமும் சுவையும் வயதாகத்தான் வெளிப்படும்.

லேபிளில் ஊர்ப் பெயர் இருந்தால் குறைந்தது 85 சதவீதத் திராட்சை அங்கே விளைந்திருக்க வேண்டும். திராட்சை வகைக்கும் ஆண்டுக்கும் அதே விதி. ‘சவுத் ஈஸ்டர்ன் ஆஸ்திரேலியா’ என்றிருந்தால் பல மாநிலங்களின் பழம் கலந்திருக்கலாம். அந்தப் பெயரை வைத்துச் சுவையை ஊகிக்க முடியாது.

ஆறு பாட்டிலையும் காகிதப் பையில் மூடி எண் போடுங்கள். விலை தெரிந்தால் நாக்கு விலைக்குச் சாய்ந்துவிடும். வெள்ளை 10 டிகிரியில் போதும். சிவப்புக்கு 16 முதல் 18 வரை. கோடையில் அரை மணி ஃபிரிட்ஜில் வைக்காவிட்டால் ஆல்கஹால் மட்டுமே மூக்கில் ஏறும். கிளாஸுக்கு 50 மில்லி. ஆறையும் விழுங்கினால் சுமார் மூன்று ஸ்டாண்டர்டு ட்ரிங்க் (ஆஸ்திரேலியாவில் ஒன்றுக்கு 10 கிராம் ஆல்கஹால்) ஆகிவிடும், ஆகவே துப்பத்தான் வேண்டும். அறையில் ஊதுபத்தி வேண்டாம், இடையில் கடிக்க வெறும் ரொட்டி போதும். மிளகாய் பட்ட நாக்கில் துவர்ப்பும் எரிச்சலும் இரட்டிப்பாகும்.

ஆஸ்திரேலியப் போட்டிகளின் பழைய 20 மதிப்பெண் முறை வீட்டுக்கு நன்றாகப் பொருந்தும்: நிறத்துக்கு 3, மணத்துக்கு 7, வாயில் உணரும் சுவைக்கு 10. மலிவு ஒயினுக்கு வாயில் நான் பார்ப்பது சமநிலையை. சிவப்பில் லேசான சர்க்கரையை விட்டு வைத்துக் கரடுமுரடை மறைப்பது வழக்கம். குளிர்ச்சியில் அது ஒளிந்துகொள்ளும். கிளாஸை உள்ளங்கையில் பத்து நிமிடம் வைத்திருந்து மறுபடி சுவையுங்கள். ஜாம் போலத் தித்தித்துப் புளிப்பு பின்னால் வராவிட்டால் அங்கே பிடிபட்டுவிடும்.

திருகு மூடி பாட்டிலில், கெட்ட கார்க்கால் வரும் பூஞ்சை வாசம் அரிது. வரக்கூடியது அழுகிய முட்டை, எரிந்த தீக்குச்சி வாசம், காற்றுப் படாமல் சல்பர் சேர்மங்கள் தங்கியதால். வேகமாகச் சுழற்றிப் பத்து நிமிடம் விட்டால் பெரும்பாலும் போய்விடும். நகப்பூச்சு நீக்கி வாசம் அப்படிப் போகாது, அந்தப் பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

மீதியை மூடி ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் அதே எண்களோடு இன்னொரு முறை மதிப்பெண் போடுங்கள். சில்லும் சர்க்கரையும் தாங்கிப் பிடித்த ஒயின் அதற்குள் தட்டையாகியிருக்கலாம், நல்ல ரீஸ்லிங் பெரும்பாலும் அப்படியே நிற்கும்.