எக்ஸ்பி கணினியில் யூனிக்ஸ் முறையில் ஒரு நிரலைத் தொகுத்த அனுபவம்

கல்முனையில் என் மச்சான் நடத்தும் அச்சகத்தில் விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஒன்று இன்றும் வேலை செய்கிறது. அங்குள்ள பழைய ஸ்கேனரின் இயக்கி புதிய விண்டோஸ் எதிலும் ஏறாததால், 2014 ஏப்ரலில் மைக்ரோசொஃப்ட் ஆதரவை நிறுத்திய பின்னரும் அவர் அதைக் கைவிடவில்லை. பாமினி எழுத்துருவில் தட்டச்சான பழைய கோயில் மலர்களை ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்ற, லினக்ஸில் நான் எழுதிய சிறிய சி நிரலை அதிலேயே தொகுத்து, அதாவது ஓடக்கூடிய கோப்பாக மாற்றித் தருமாறு கேட்டார். எழுத்து அட்டவணையைத் தாமே திருத்தித் திருத்தி மீண்டும் தொகுக்க விரும்பியதால், மட்டக்களப்பில் தொகுத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது போதாதிருந்தது.

யூனிக்ஸ், லினக்ஸ் நிரல்களை விண்டோஸில் தொகுத்து ஓட்ட உதவும் மென்பொருள் சிக்வின். எக்ஸ்பியில் ஓடக்கூடிய அதன் கடைசிப் பதிப்பு 2.5.2 ஆகும். அதன் பொதிகளை வீட்டிலேயே இறக்கிப் பென்டிரைவில் எடுத்துச் சென்றேன். எக்ஸ்பியின் உலாவியை நம்பி இன்றைய இணையத்தளங்களுக்குள் நுழைய முடியாது. மூலக்கோப்புகளை முதலில் டெஸ்க்டொப்பில் வைத்தது பிழை. அதன் பாதையில் வரும் 'டொகியுமென்ட்ஸ் அன்ட் செட்டிங்ஸ்' என்ற பெயரின் இடைவெளிகளால், மாறிய மூலக்கோப்புகளை மட்டும் மீண்டும் தொகுக்கும் 'மேக்' கட்டளை அதைத் தனித்தனிப் பெயர்களாகப் பிரித்துப் படித்ததால், அனைத்தையும் இடைவெளியற்ற கோப்புறைக்கு மாற்றினேன்.

அடுத்து, தொகுக்குமுன் கணினியில் உள்ள வசதிகளைச் சிறு சோதனைகளால் அறியும் 'கொன்ஃபிகர்' ஸ்கிரிப்ட் தொடக்கத்திலேயே நின்று, புதிதாக உருவான கோப்பு மூலக்கோப்புகளைவிடப் பழையதாக உள்ளது, கணினிக் கடிகாரத்தைப் பாருங்கள் என்றது. திகதி 2002 ஜனவரி 1 எனக் காட்டியது. காரணத்தைத் தேடாமல் திகதியை மட்டும் திருத்தியதன் விலையை மறுநாள் கொடுத்தேன். சிறு சோதனை ஒவ்வொன்றுக்கும் புதிய செயல்முறை ஒன்றைத் தொடங்கும் 'ஃபோர்க்' என்ற வசதி விண்டோஸில் இயல்பாக இல்லாமையால், சிக்வின் அதைச் சிரமப்பட்டுப் போலச் செய்கிறது. ஆகவே என் மடிகணினியில் அரை நிமிடத்தில் முடிந்த வேலை இங்கே ஒரு தேநீர் குடித்து முடிக்கும்வரை நீண்டது.

மறுநாள் காலை மின்தடை ஏற்பட்டது. மின்சாரம் திரும்பியதும், பாமினியில் மெய்யெழுத்துக்கு முன்னால் தட்டச்சாகும் கொம்பை இடம் மாற்றும் வரியைத் திருத்தி 'மேக்' கொடுத்தேன். செய்ய எதுவுமில்லை என்று பதில் வந்தது. 'கொ' பழையபடியே சிதைந்து வந்தது. ஒரு மணித்தியாலம் என் நிரலையே சந்தேகித்த பின்னர்தான், தாய்ப்பலகையின் மின்கலம் செத்து, கடிகாரம் மீண்டும் 2002க்குப் போயிருந்ததைக் கண்டேன். நேற்றுத் தொகுத்த கோப்பு இன்று திருத்திய மூலத்தைவிடப் புதியதாகத் தெரிய, நேரமுத்திரைகளை மட்டும் ஒப்பிடும் 'மேக்' தன் கணக்கில் சரியாகவே நடந்திருக்கிறது.

பிரதான வீதிக் கடையொன்றில் சிஆர்2032 மின்கலம் வாங்கிப் போட்டு, திகதியைச் சரிசெய்து, முன்பு தொகுத்த கோப்புகளை அழிக்க 'மேக் கிளீன்' கொடுத்து முழுவதையும் மறுபடி தொகுத்தேன். சிக்வினுக்கு வெளியே நிரலைத் திறந்தபோது, அது ஓடத் தேவையான சிக்வினின் நூலகக் கோப்பு 'சிக்வின்1.டிஎல்எல்' இல்லையென்றது; அந்தக் கோப்பை நிரலின் அருகிலேயே நகலெடுத்து வைத்ததும் ஓடியது. மச்சான் அன்று மாலையே அட்டவணையில் இரண்டு வரிகளைத் தாமாகத் திருத்தித் தொகுத்துக்கொண்டார்.