இயக்குநரைத் தேடிய பதினான்கு மாதங்கள்

எங்கள் பல்கலைக்கழகத்தின் விண்வெளி அறிவியல் ஆய்வு மையத்துக்குப் புதிய இயக்குநரைத் தேடிய குழுவில் நானும் இருந்தேன். ஏழு பேர் குழு. முதல் சுற்றில் யாரையும் அமர்த்த முடியவில்லை. இரண்டாவது சுற்றில்தான் ஆள் கிடைத்தார். இதே வேலையில் இப்போது இறங்கியிருப்பவர்களுக்குப் பயன்படும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

முதல் விளம்பரத்தை ஒரே மாலையில் எழுதி முடித்துவிட்டோம். உலகத் தரம், தொலைநோக்கு, தலைமைப் பண்பு என்று எந்தத் துறைக்கும் பொருந்தக்கூடிய சொற்கள். எங்கள் எல்லோர் மனதிலும் இருந்தது அமெரிக்க இயற்பியலாளர் ஜேம்ஸ் வான் ஆலன் மாதிரியான ஒரு இயக்குநர். 1958 ஜனவரி 31 அன்று ஏவப்பட்ட அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்ப்ளோரர் 1 சுமந்து சென்ற கதிர்வீச்சுக் கருவி, அயோவா பல்கலைக்கழகத்தில் அவருடைய குழு உருவாக்கியது. அதில் பெரும்பங்கு அவருடைய மாணவர் ஜார்ஜ் லுட்விக்குடையது. பூமியைச் சூழ்ந்திருக்கும் கதிர்வீச்சுப் பட்டைகள் அப்படித்தான் தெரியவந்தன. ஒரு பேராசிரியர், சில மாணவர்கள், இயற்பியல் கட்டடத்தின் அடித்தளம். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் யாருடைய ஆய்வுக் கட்டுரைகளுக்குக் கனம் அதிகம் என்று பார்த்தே விண்ணப்பங்களை வரிசைப்படுத்தினோம்.

கடைசியில் மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் விண்ணப்பித்திருக்கும் செய்தி எங்கள் பக்கத்திலிருந்தே கசிந்து, அவர் வேலை பார்த்த இடத்துக்குப் போய்விட்டது. மறுநாளே விலகிக்கொண்டார். அது எங்கள் தவறு, இன்றும் உறுத்துகிறது. இன்னொருவருக்குச் சொந்தக் காரணங்களால் இடம் மாற முடியவில்லை. மூன்றாமவர் அருமையான அறிவியலாளர். மையத்தின் திட்ட மேலாளர் அவரிடம், "இரண்டு திட்டங்களுக்கு நடுவில் பணம் இல்லாத மாதங்களில் பொறியாளர்களை எப்படித் தக்கவைப்பீர்கள்?" என்று கேட்டார். "அது பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளும் விஷயம் இல்லையா?" என்றார் அவர். அறையே அமைதியாகிவிட்டது.

வெளியில் இருப்பவர்களுக்கு இது புரியாமல் போகலாம். இப்படிப்பட்ட மையங்களில் பலருக்கும் சம்பளம் திட்ட நிதியிலிருந்துதான் வருகிறது. கருவியைக் கட்டி, சோதித்து, ஒப்படைத்ததும் அந்த நிதி வடிந்துவிடும். அடுத்த முன்மொழிவு தேர்வாகும்வரை ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில், நுண்ணோக்கியின் கீழ் மின்னிணைப்புகளைப் பற்றவைக்கத் தெரிந்த கை ஒன்று வேறு வேலைக்குப் போய்விட்டால், அதே பக்குவத்தில் இன்னொருவரை உருவாக்க ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியை நினைத்துத் தூக்கம் கெடுபவர்தான் எங்களுக்கு இயக்குநராக வேண்டும் என்பது அந்த அறையில்தான் எனக்கு உறைத்தது.

இரண்டாவது சுற்றைத் தொடங்கும் முன் ஆறு வாரம் மையத்துக்குள்ளேயே உட்கார்ந்து பேசினோம். பொறியாளர்கள், கணக்குப் பிரிவு, முனைவர் பட்ட மாணவர்கள் என எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: இயக்குநர் உங்களுக்கு என்ன செய்து தர வேண்டும்? ஒரு மாணவி சொன்ன பதில் என்னை யோசிக்க வைத்தது. "நான் எடுக்கும் தரவு, நான் பள்ளியில் படித்தபோது யாரோ கையெழுத்துப் போட்ட கருவியிலிருந்து வருகிறது" என்றார். உண்மைதானே? 2004-இல் கிளம்பிய ரொசெட்டா விண்கலம், தன் இலக்கான வால்நட்சத்திரத்தை அடைந்தது 2014-இல். 2006-இல் ஏவப்பட்ட நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவைக் கடந்தது 2015 ஜூலையில். அதில் கொலராடோ பல்கலைக்கழக மாணவர்கள் கட்டிய, தூசுத் துகள்களை எண்ணும் கருவி ஒன்றும் போனது. நாங்கள் ஐந்தாண்டுப் பதவிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தோம். அவர் விதைப்பதை இன்னொருவர் அறுக்க வேண்டியிருக்கும். அதை மனதார ஏற்பவரா என்று பார்க்க விண்ணப்பப் படிவத்தில் இடமே இல்லை.

விளம்பரத்தைத் திருத்தி எழுதினோம். எத்தனை பேர் திட்ட நிதியை நம்பியிருக்கிறார்கள், விண்வெளிச் சூழலை உருவாக்கிக் கருவிகளைச் சோதிக்கும் வெப்ப வெற்றிட அறை எவ்வளவு பழையது, எந்தக் கருவி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொன்னோம். நிர்வாகத்தில் சிலருக்கு அதில் தயக்கம். ஆனால் அதைப் படித்துவிட்டு விண்ணப்பித்தவர்கள் வேறு ரகம்.

நேர்காணலில் ஒரு மணி நேரத்தை, தூசு புகாமல் கருவிகளைக் கட்டும் தூய அறைக்கு ஒதுக்கினோம். குழுவில் ஒருவர் மட்டும் ஓரமாக நிற்பது, மற்றபடி தொழில்நுட்பர்களே சுற்றிக் காட்டுவது என்று முடிவு. அன்று நின்றது நான். ஒருவர் அங்கி மாட்டும்போதே கைபேசியில் இருந்தார், கருவியை எட்ட நின்று பாராட்டினார், கிளம்பிவிட்டார். அடுத்து வந்த அம்மையார் மணிக்கட்டில், உடலின் நிலைமின்சாரம் கருவியைத் தாக்காமல் காக்கும் நிலைமின் பட்டையைக் கட்டிக்கொண்டு, அது சரியாக வேலை செய்கிறதா என்று தானே சோதித்துப் பார்த்தார். கருவியின் பக்கவாட்டில் தொங்கிய சிவப்புப் பட்டைகளை, அதாவது ஏவுவதற்கு முன் அகற்ற வேண்டியவற்றை, ஒவ்வொன்றாக எண்ணினார். அப்புறம், "கனெக்டர் பதிவேட்டைப் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

விண்ணுக்குப் போகும் கனெக்டரை, அதாவது மின்கம்பிகளை இணைக்கும் செருகியை, இத்தனை முறைதான் செருகிக் கழற்றலாம் என்று கணக்கு உண்டு. ஒவ்வொரு முறையும் தேதி, காரணம், கையெழுத்து எழுதி வைப்பார்கள். அவர் பக்கங்களைப் புரட்டி, ஓர் இடத்தில் விரலை வைத்து, "இந்த ஒரே நாளில் நான்கு முறை. அன்று என்ன சிக்கல்?" என்றார். எங்கள் மூத்த தொழில்நுட்பர் அந்த நாளின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் இரண்டாகிவிட்டது. அவர் போனபின் தொழில்நுட்பர் என்னிடம், "இவங்க வந்தா நல்லா இருக்கும் சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பரிந்துரைக்கு அவர் கொடுத்த பெயர்களோடு, அவருடைய அனுமதி பெற்று, அவருக்குக் கீழ் வேலை பார்த்தவர்களிடமும் பேசினோம். பாராட்டைக் கேட்காமல், ஒரு சோதனை தோற்ற நாளில் அவர் என்ன செய்தார் என்று மட்டும் கேட்டோம். தனித்தனியாகப் பேசிய இருவர் ஒரே சம்பவத்தைச் சொன்னார்கள். யார் தவறு என்று கேட்பதற்கு முன், எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பித் தூங்கிவிட்டு வரச் சொன்னாராம்.

இனி சுலபம் என்று நினைத்தோம். பேச்சுவார்த்தை மூன்று மாதம் இழுத்தது. சம்பளம் அரை மணி நேரத்தில் முடிந்தது. மையம் கொண்டுவரும் திட்டங்களில் பல்கலைக்கழகம் கட்டடம், நிர்வாகம் போன்ற பொதுச் செலவுகளுக்காகப் பிடித்துக்கொள்ளும் மேல்செலவுத் தொகையில் ஒரு பங்கு மையத்துக்கே திரும்ப வேண்டும், அதிலிருந்து பொறியாளர்களுக்கான இடைக்கால நிதி ஒன்று தொடங்க வேண்டும், தன் சொந்தக் கருவித் திட்டம் மையத்தில் மற்றவர்களின் திட்டத்தோடு போட்டியிட்டால் முடிவெடுப்பது துணை இயக்குநராக இருக்க வேண்டும். இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டார். நிதிப் பிரிவு இரண்டு முறை மறுத்தது. குழு முழுவதுமாகத் துணைவேந்தரைப் போய்ப் பார்த்தோம். திட்ட மேலாளர் கடந்த பத்தாண்டுகளில் அந்த இடைவெளிகளில் விலகிப்போனவர்களின் பட்டியலைப் பெயர் பெயராக வாசித்தார். கையெழுத்து அந்த வாரமே ஆனது.

அவர் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. போன மாதம் ஒரு திட்டம் முடிந்தது, அடுத்தது இன்னும் வரவில்லை. பற்றவைக்கும் மேசைகளில் இருந்த ஐந்து பேரும் அங்கேயே இருக்கிறார்கள்.