மலைச்சரிவில் மீண்டும் எழும்பிய சூளை

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு கொட்டிய மழையில் எங்கள் லயத்துக்கு (தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) மேலிருந்த மண்கரை சரிந்தபோது, நான் களிமண் வேலை பழகிய ஐயாவின் சூளையும் பாதிக்கு மேல் மண்ணுக்குள் போய்விட்டது. ஆட்கள் எல்லோரும் முந்திய நாளே கோயில் மண்டபத்துக்குப் போயிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. பானை வனையும் திருகையை அவருடைய பேரன் தோளில் சுமந்து கொண்டுவந்து வைத்திருந்தான். இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு அருகே பாடசாலையொன்றில் கற்பிக்கும் நான் நான்கு வருடங்களாகச் சனி, ஞாயிறுகளில் அவரிடம் பழகி வருகிறேன். அந்தச் சூளையைத் திரும்பக் கட்டிய இரண்டு மாத அனுபவத்தை, நாங்கள் விட்ட பிழைகளோடு சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

பெப்ரவரி 4 சுதந்திர தின விடுமுறையாக இருந்ததால் அன்றே சிரமதானத்தைத் தொடங்கினோம். கோயில் கமிட்டி தேநீரையும் பகல் சாப்பாட்டையும் பொறுப்பேற்றது. இருபதுக்கு மேற்பட்டோர் வந்தார்கள். முதல் வேலை செங்கல் அல்ல, தண்ணீர்தான். பழைய சூளையின் அடித்தளம் எப்போதும் ஈரமாக இருந்ததற்கு, மேற்புறக் கான் (வடிகால்) தூர்ந்து அதன் நீர் நேராக அடுப்பின் கீழ் இறங்கியதே காரணம் என்பது மண்ணை அகற்றியபோது தெரிந்தது. தேயிலை மலையில் ஆண்டுக்கணக்காகக் கான் வெட்டிப் பழகியவர்கள் வாட்டம் பார்க்க எந்தக் கருவியையும் கேட்கவில்லை. கண்ணாலேயே பார்த்து, சரிவுக்குக் குறுக்கே இரண்டு அடி ஆழத்தில் ஒரு கானை வெட்டி, நீரைப் பக்கத்து ஓடைக்குத் திருப்பிவிட்டார்கள். சூளை கட்ட நினைக்கும் எவரும் முதலில் செலவழிக்க வேண்டியது இந்த ஒரு நாளைத்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

செங்கல்லுக்கு வழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பல வருடங்களாக மூடிக் கிடக்கும் ஒரு தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்), கொழுந்து உலர்த்தும் அடுப்பின் உட்சுவரில் இருந்த நெருப்புக்கற்களை எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. அந்த அடுப்பில் முப்பது வருடம் விறகு போட்ட ஒரு பெரியவர் எங்களோடு வந்து, எந்தக் கல் இன்னும் சூடு தாங்கும், எது உள்ளே வெடித்துவிட்டது என்பதைச் சுத்தியலால் மெல்லத் தட்டி, ஒலியை வைத்தே பிரித்துத் தந்தார். அவர் ‘செத்த கல்’ என்று ஒதுக்கியவை மந்தமாகத்தான் ஒலித்தன. அடுப்பில் விறகைத் தாங்கும் வார்ப்பிரும்புத் தட்டியின் சட்டங்கள் ஒன்பதும் அவர் கேட்டு வாங்கித் தந்தவையே. கீழ்க் கிராமத்துச் சிங்களக் குடும்பம் ஒன்று தம் வயலோரத்துக் களியைப் பூச்சுக்காக ஒரு டிராக்டர் பெட்டி நிறைய அனுப்பிவைத்தது. தேயிலைச் சரிவின் செம்மண் தனியாக இதற்கு ஒட்டாது.

சுவர் எழுப்பும்போது ஒரு சிறு வாக்குவாதம் வந்தது. உதவிக்கு வந்த மேசன் பாஸ், சீமெந்து இல்லாமல் வைத்த சுவர் நிற்காது என்றார். நாங்கள் பயன்படுத்தும் சாதாரண சீமெந்து கடும் சூட்டில் தன் பிடிப்பை இழந்து பொடியாகிவிடும் என்பதையும், களியும் மணலும் கலந்த சேறு சூட்டோடு சேர்ந்து தானும் வெந்து இறுகும் என்பதையும் ஐயா பொறுமையாக விளக்கினார். உள்ளே நெருப்புக்கல், வெளியே சாதாரண செங்கல், அதற்கு மேல் வைக்கோலும் சாணமும் பிசைந்த மண்பூச்சு என்று பெப்ரவரி 15 அளவில் சுவர் முடிந்தது. உள் விட்டம் நான்கு அடி. தட்டிக்கு மேல் சுவரின் உயரம் மூன்றடி. இந்த மூன்றடி நான் குறித்த அளவு. தாழ்நிலத்தில் நான் பார்த்து அளந்து வந்த ஒரு சூளையின் வரைபடத்தை வைத்துத்தான் வேலை நடந்தது. “பழசுக்கு இன்னும் ஒன்றரை அடி இருந்துச்சும்மா” என்று ஐயா அன்றே சொன்னார். கல் போதாது என்று நான் பதில் சொல்லிவிட்டேன்.

பெப்ரவரி 28 அன்று முதல் சூளையை மூட்டினோம். சட்டியும் முட்டியும் சிட்டி விளக்குமாக 140 பச்சைப் பாத்திரங்களை அடுக்கி, மேலே ஓட்டுத் துண்டுகளைப் பரப்பினோம். ஒன்றரை மணி நேரத்தில் உள்ளே ‘பட்’ என்று ஒரு சத்தம், சிறிது நேரத்தில் இன்னொன்று, பிறகு எண்ண முடியவில்லை. காலைப் பனியில் திண்ணையில் காய்ந்த பாத்திரங்கள் தொட்டால் உலர்ந்தவை போல இருந்தாலும் அடிக்கனத்தில் ஈரத்தை வைத்திருந்தன. அந்த ஈரம் ஆவியாகி வெளியேற வழி கிடைக்கும் முன்னரே நாங்கள் தீயை ஏற்றிவிட்டோம். இரவு பத்து மணிக்கும் சூளையின் உட்புறம் மங்கிய சிவப்பைத் தாண்டவில்லை. புகை கறுத்து வந்தது. மறுநாள் பிரித்தபோது 38 உடைந்திருந்தன. மேல் வரிசையில் இருந்தவற்றைத் தட்டினால் மரத்தைத் தட்டியது போலிருந்தது.

ஸ்டோர் அடுப்புப் பெரியவர் சூளையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “புகை கறுப்பா வந்தா காத்துப் பத்தலைன்னு அர்த்தம், டீச்சர்” என்றார். இங்கே நாங்கள் ஏறக்குறைய 1,250 மீற்றர் உயரத்தில் இருக்கிறோம். இந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. அதே வாய் வழியாக நுழையும் அதே அளவு காற்றில், விறகை எரிக்கும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறைவாகவே இருக்கிறது. மேலே இழுக்கும் விசையைத் தருவது சூளையின் உயரம். இந்த வகைச் சூளைக்குத் தனியாகப் புகைபோக்கி கிடையாது, அந்தச் சுவரே புகைபோக்கி. ஐயாவின் தகப்பனார் பழைய சூளைக்குக் கூட்டி வைத்த ஒன்றரை அடி இந்த மலைக்காக வைத்தது என்பதை நான் ஒரு சூளையை இழந்த பிறகே விளங்கிக்கொண்டேன். ஐயா அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

அடுத்த இரண்டு வாரங்களில் சுவரை ஒன்றரை அடி உயர்த்தினோம், காற்று நுழையும் வாயை ஒன்பது அங்குலத்திலிருந்து பதினான்கு அங்குலமாக அகலப்படுத்தினோம், சாம்பல் தேங்கித் தட்டியை அடைக்காதபடி கீழ்க்குழியை ஆழமாக்கினோம். குறைந்த கல்லை லயத்தில் உள்ள வீடுகள் தந்தன. சில வீட்டார் பழைய அடுப்புத் திட்டையே இடித்துக் கொடுத்தார்கள்.

மார்ச் 21 சனிக்கிழமை இரண்டாம் சூளை. இம்முறை மாரியம்மன் திருவிழாவுக்கான 21 தீச்சட்டிகளும் உள்ளே இருந்தன. தணலைத் தாங்க வேண்டியவை என்பதால் அவற்றின் களியில் பருமணலும் பொடித்த பழைய ஓடும் கூடுதலாகச் சேர்த்திருந்தோம். விடியற்காலை நான்கு மணிக்கு வாய்க்கு வெளியே ஒரே ஒரு தடித்த யூக்கலிப்டஸ் கட்டையைப் புகையவிட்டோம். அரைமணிக்கு ஒருமுறை ஐயா ஒரு சிறிய முகம்பார்க்கும் கண்ணாடியை மேல் ஓட்டு இடுக்கில் பிடித்து எடுத்துப் பார்த்தார். கண்ணாடி பூத்துப் போனால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. பத்தரை மணி வரை அது பூத்துக்கொண்டே இருந்தது. பதினொரு மணிக்குத் தெளிவாகத் திரும்பி வந்தபோதுதான் கட்டையை உள்ளே தள்ள அனுமதித்தார்.

பிற்பகல் முழுவதும் தீயைப் படிப்படியாகவே ஏற்றினோம். களியில் உள்ள படிகக்கல் மணல் 573 பாகையில் திடீரென விரிவதால், இருண்ட சிவப்பு தெரியத் தொடங்கும் வரை அவசரப்படக் கூடாது. அதைக் கடந்த பிறகு அக்காமார் கவ்வாத்து மலையிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவந்து ஒரு மாதமாகக் காயவைத்திருந்த தேயிலை மிலாறு (கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் கிளைகள்) தன் வேலையைக் காட்டியது. மெல்லியதாகவும் நன்றாக உலர்ந்தும் இருந்ததால் அதன் சுவாலை நீண்டு மேல் வரிசை வரை எட்டியது. இரவு எட்டு மணிக்கு உள்ளே செம்மஞ்சள் நிறம் வந்தது. புகை ஏறக்குறைய இல்லை. வாயை மண்ணால் அடைத்துவிட்டு எல்லோரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம், யாருக்கும் வீட்டுக்குப் போக மனமில்லை.

திங்கள் மாலை பாடசாலை முடிந்து வந்த பிறகே பிரித்தோம். 132 பாத்திரங்களில் உடைந்தவை ஆறு. தீச்சட்டி 21 முழுமை. ஐயா முதலாவதை எடுத்துக் காதோரம் வைத்து விரல் மூட்டால் தட்டினார்; கணீரென்றது. அதை அடுப்புப் பெரியவரிடம் நீட்டினார், அவரும் தட்டிப் பார்த்தார்.

பின்சுவரில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு நெடுக்காக ஒரு வெடிப்பு விழுந்திருக்கிறது. மே மாதத்தில் தென்மேல் பருவமழை பிடிப்பதற்குள் அதைக் களி திணித்து மூடி, வெளிச்சுவரைச் சுற்றி இரும்புப் பட்டை கட்ட வேண்டும். மேலே தகரக் கூரைக்கு இன்னும் நான்கு தகடுகள் தேவை.