இரண்டாவது ஆல்பமும் ஒரு பழைய பியானோவும்

ஜூன் 3

இன்று எங்கள் பேண்டின் இரண்டாவது ஆல்பத்துக்கு உட்கார்ந்தோம். முதல் ஆல்பத்தை ஒரே அறையில் நாலு மைக் வைத்து இரண்டே நாளில் முடித்துவிட்டோம்: கிதார், பேஸ், டிரம்ஸ், கத்தல், அவ்வளவுதான். மெருகேற்றாத முரட்டு ராக், அதாவது கராஜ் ராக். இந்த முறை பாடகிக்குப் பியானோ வேண்டுமாம். "கராஜ் ராக்குல பியானோவுக்கு என்ன மச்சி வேலை?" என்று டிரம்மர் என்னிடம்தான் கேட்டான், அவளிடம் கேட்கத் தைரியம் இல்லை. எனக்கென்னவோ அவள் சொல்வது சரி என்றுதான் பட்டது.

ஜூன் 5

ராத்திரி முழுக்க ஒயிட் ஸ்ட்ரைப்ஸ், இரண்டே பேர் கொண்ட அமெரிக்க ராக் பேண்ட். 2003இல் வந்த அவர்களின் 'எலிஃபன்ட்' ஆல்பம் லண்டனில் டோ ராக் ஸ்டுடியோவில் எட்டு டிராக் டேப்பில் பதிவானது, கம்ப்யூட்டரைக் கிட்டவே சேர்க்கவில்லை. அதில் 'செவன் நேஷன் ஆர்மி' பாட்டில் பேஸ் மாதிரி கேட்பது பேஸே இல்லை, பெடல் வைத்து ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே இறக்கிய கிதார். இரண்டே வருஷத்தில், 2005இல், அதே இரண்டு பேர் அடுத்த ஆல்பத்தில் பியானோவும் மரிம்பாவுமாக (மரக்கட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கும் கருவி) வந்து நின்றார்கள். முதலில் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இன்று அதிலுள்ள 'தி நர்ஸ்' பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். மரிம்பா அதுபாட்டுக்குத் தாலாட்டு மாதிரி போய்க்கொண்டிருக்கும், நினைக்காத இடத்தில் டிரம்ஸும் கிதாரும் கதவை எட்டி உதைத்துவிட்டு ஓடிவிடும். முரட்டுத்தனம் எங்கேயும் போகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது.

இதை டிரம்மருக்கு அனுப்பினேன். பதில் இல்லை.

ஜூன் 8

பியானோ படு சொதப்பல். இரண்டு நல்ல மைக்கை உள்ளே வைத்துச் சுத்தமாகப் பதிவு செய்தோம், சோப்பு விளம்பரம் மாதிரி இருந்தது.

ஜூன் 9

கேபிள் போச்சு. வேலை நடக்கவில்லை.

ஜூன் 12

பதிவான பியானோவை என் கிதார் ஆம்ப்புக்குள் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) அனுப்பி, அதன் வால்வு திணறும் அளவுக்கு வால்யூமை ஏற்றி, ஸ்பீக்கர் முன்னால் ஒரு மைக்கை வைத்துத் திரும்பப் பதிவு செய்தோம். இப்போது பியானோவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அப்பாடா.

அப்புறம் எல்லோரும் சேர்ந்து வாசித்துப் பார்த்தபோது இன்னொரு கூத்து. இடது கைப் பக்கம் ஒரு குறிப்பிட்ட கட்டையை அழுத்தினால் போதும், யாரும் தொடாமலே ஸ்னேர் டிரம்மின் அடிக் கம்பிகள் சர்ர்ரென்று அதிர்கின்றன. டிரம்மர் லீவரைத் தட்டிக் கம்பியை இறக்கப் போனான், "தொடாதே, அது இருக்கட்டும்" என்றாள் பாடகி. கிங்ஸ்மென் என்ற அமெரிக்க பேண்ட் 1963இல் பதிவு செய்த 'லூயி லூயி' பாட்டில் கிதார் சோலோ முடிந்ததும் பாடகர் அவசரப்பட்டு முன்னாலேயே ஆரம்பித்து நிறுத்திவிடுவார், டிரம்ஸ் ஓர் உருட்டு உருட்டிச் சமாளிக்கும். அப்படியே விட்டுவிட்டார்கள், அந்தப் பதிவுதான் ஊரெல்லாம் ஓடியது. நான் இதைச் சொன்னதும் லீவரிலிருந்து கையை எடுத்தான்.

ஜூன் 14

எல்லாக் கருவிகளையும் ஒன்றாகக் கலந்த மிக்ஸைக் கேட்டோம். பியானோவும் என் கிதாரும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கின்றன, இரண்டில் ஒன்று போக வேண்டும். போனது கிதார். முதல் இரண்டு நிமிஷம் நான் கம்பிகள் மேல் உள்ளங்கையை வைத்துச் சத்தம் வராமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பாட்டு என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது.

நாலாவது பாட்டிலும் இப்படியே செய்து பார்க்கலாமே மச்சி என்கிறான் டிரம்மர். நான் பதில் சொல்லவில்லை.