மால்மோவில் வென்ற ஜெர்மானிய இளைஞர்கள்

ஐரோப்பிய நாடுகளின் 21 வயதுக்குட்பட்டோர் கால்பந்துச் சாம்பியன்ஷிப்பைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், 2009 ஜூன் 29 அன்று ஸ்வீடனின் மால்மோ நகரில் ஜெர்மனி இங்கிலாந்தை 4-0 என்று வீழ்த்திய இறுதிப் போட்டியே எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. ஹோர்ஸ்ட் ஹ்ரூபெஷ் பயிற்றுவித்த அந்த அணியில் இருந்த நொயர், ஹும்மெல்ஸ், ஹோவெடெஸ், போவாட்டெங், கெதிரா, ஓசில் ஆகிய அறுவரும் 2014இல் பிரேசிலில் உலகக் கோப்பையை வென்ற அணியிலும் இடம்பெற்றார்கள்.

போட்டியின் பெயரில் 21 என்று இருந்தாலும், தகுதிச் சுற்று தொடங்கும் காலத்தை ஒட்டியே வயது கணக்கிடப்படுவதால், இறுதிக் கட்டத்தில் 23 வயது வீரர்களும் ஆடுவார்கள். நொயருக்கு அப்போது வயது 23. எனவே இதைச் சிறுவர்களின் ஆட்டம் என்று ஒதுக்குவது சரியல்ல.

குழு ஆட்டத்தில் இவ்விரு அணிகளும் 1-1 என்று சமன் செய்திருந்தன. அரையிறுதியில் ஸ்வீடனுக்கு எதிராக 3-0 என்று முன்னிலை பெற்ற இங்கிலாந்து, அதைக் கோட்டைவிட்டு, பெனால்டி முறையில்தான் கரையேறியது. அந்தப் பெனால்டிகளின்போது கோல்காப்பாளர் ஜோ ஹார்ட் வாங்கிய மஞ்சள் அட்டை அவரை இறுதிப் போட்டியில் ஆடவிடாமல் செய்தது. அவர் இருந்திருந்தாலும் முடிவு மாறியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை, ஓசில் அன்று ஆடிய ஆட்டம் அப்படிப்பட்டது.

இந்த வெற்றியின் வேர் 2000ஆம் ஆண்டில் இருக்கிறது. அவ்வாண்டு ஐரோப்பியக் கோப்பையில் ஒரு வெற்றிகூடப் பெறாமல் குழுவின் கடைசி இடத்தோடு திரும்பிய ஜெர்மனி, தொழில்முறைக் கழகங்கள் இளையோர் பயிற்சி மையங்களை நடத்தியே தீர வேண்டும் என்று விதித்ததோடு, நாடெங்கும் திறமையாளர்களைத் தேடும் திட்டத்தையும் தொடங்கியது. துருக்கி, துனிசியா, கானா ஆகிய நாடுகளில் வேர்கொண்ட குடும்பங்களின் பிள்ளைகளான ஓசிலும் கெதிராவும் போவாட்டெங்கும் ஒரே சீருடையில் ஆடியது, அந்நாட்டுக் கால்பந்து எந்த அளவுக்கு மாறியிருந்தது என்பதைக் காட்டியது.

ஆயினும் அந்த அறுவரை மட்டும் எண்ணி, இளையோர் கோப்பையே உலகக் கோப்பைக்கு முன்னோட்டம் என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த இறுதிப் போட்டியில் இரண்டு கோல் அடித்தவர் ஓசிலும் அல்லர், கெதிராவும் அல்லர், சாண்ட்ரோ வாக்னர். அவர் வயது வரம்பில்லாத மூத்தோர் தேசிய அணிக்காக முதன்முதலில் களமிறங்கியது 2017இல், 29ஆம் வயதில். மறு ஆண்டு உலகக் கோப்பை அணியில் இடம் கிடைக்காதபோது, தேசிய அணியிலிருந்தே விலகிவிட்டார். முதல் கோல் அடித்த கொன்சாலோ காஸ்ட்ரோவோ 2007இலேயே மூத்தோர் அணிக்கு ஆடியிருந்தும், மால்மோ வெற்றிக்குப் பிறகு ஒருமுறைகூட அழைக்கப்பட்டு ஆடவில்லை. அதே மால்மோ அணியில் இருந்த ஃபேபியன் ஜான்சன் அமெரிக்க அணிக்குச் சென்றார். 2014 ஜூனில் ரெசிஃபி நகரில் ஜெர்மனி 1-0 என்று அமெரிக்காவை வென்ற ஆட்டத்தில், நொயரும் போவாட்டெங்கும் ஹும்மெல்ஸும் ஒரு பக்கம் நிற்க, அவர் எதிர்ப்பக்கத்தில் ஆடினார்.